மாலை கழற்றிய மறுநாள்

எங்கள் வீட்டில் தீபாவளியைவிடக் கார்த்திகை ஒன்றாம் தேதிதான் பெரிய நாள். தீபாவளி ஊருக்குப் பண்டிகை, தையல்காரர் வீட்டுக்கு அது வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் அப்பா தென்காசிக் கடையிலேயே கிடப்பார். கட்டிங் டேபிளுக்கு அடியில் துணிக்கட்டுகள் அடைந்து கிடக்கும். காஜா எடுக்கக் கூடுதலாகப் பையன்கள் வருவார்கள். விடிய விடிய மிஷின் ஓடும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி கடைசிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்துக் கூலியை எண்ணி வாங்கியதும் அப்பா நேரே பிராந்திக் கடைக்குப் போவார். மறுநாள் அவர் திண்ணையில் கிடப்பார். நாங்கள் அவரைத் தாண்டிப் போய் வெடி வெடிப்போம்.

அந்தக் குடி அன்றோடு நிற்காது, கார்த்திகை பிறக்கும்வரை ஓடும். தீபாவளி பிந்தி வருகிற வருஷங்களில் சில நாள்தான். ஐப்பசித் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் நான்கு வாரம் இழுக்கும். மளிகைக் கடையில் புது நாட்காட்டி கொடுத்ததும் நான் முதலில் தேடியது பள்ளிக்கூட விடுமுறைகளை அல்ல. தீபாவளிக்கும் கார்த்திகை ஒன்றுக்கும் நடுவே எத்தனை கட்டம் இருக்கிறது என்றுதான் விரல் வைத்து எண்ணுவேன்.

கார்த்திகை ஒன்று அன்று விடிவதற்கு முன் அப்பா சிற்றாற்றில் முங்கிவிட்டுக் கறுப்பு வேட்டியோடு கோவிலுக்குப் போவார். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர்தான் குருசாமி. அவர் துளசிமணி மாலையை அப்பா கழுத்தில் போட்டுச் சரணம் சொல்வார். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீடு வேறு வீடு. காலையும் சாயங்காலமும் குளியல், வெறுங்கால் நடை, தலையணை இல்லாமல் பாயில் படுக்கை, சாயங்காலம் ஆறரைக்குக் கடையை மூடிவிட்டுப் பஜனை. ஆச்சி தான் பெற்ற மகனையே 'சாமி' என்று கூப்பிடுவாள். கூடக் குடித்த கூட்டாளிகள் எதிரே வந்தால் 'சாமி சரணம்' என்று கும்பிட்டு ஒதுங்கிப் போவார்கள். மாலைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று நான் முழுசாக நம்பினேன்.

அந்தச் சக்தியில் பாதி அம்மாவுடையது. விடியுமுன் குளித்துவிட்டுத்தான் அவள் அடுப்பு பற்ற வைக்க வேண்டும். பாத்திரங்கள் தனி, பாய் தனி. வீட்டுக்கு விலக்கான நாட்களில் அவள் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டில் போய் இருந்துகொள்வாள், ஆச்சி சமைப்பாள். அப்பா இருந்த விரதத்தை ஊர் பார்த்தது. அதைச் சுமந்து நடத்தியவளை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் மூன்று நான்கு நாட்கள் அப்பாவுக்குக் கை நடுங்கும். ஊசியில் நூல் கோக்க முடியாமல் காஜாப் பையனைக் கூப்பிடுவார். சட்டை முதுகெல்லாம் வியர்த்திருக்கும். 'சாமி சோதிக்கார்' என்பாள் ஆச்சி. பின்னாளில் நான் செவிலியர் படிப்பு முடித்து ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அந்த நடுக்கம் என்னவென்று தெரிந்தது. நெடுங்காலம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் நினைவு குழம்பி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணில் தெரியலாம். உயிரே போகலாம். கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் வார்டுக்குக் கழுத்தில் மாலையோடு வலிப்பு வந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தயமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்துக் கவனமாகப் பார்த்தால் தப்பிவிடலாம். அப்பா மருந்தில்லாமல் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். தினமும் குடிக்கிறவர் வீட்டில் மாலை போடப்போகிறார் என்றால் அதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று இன்றைக்கும் வருகிற குடும்பங்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

மண்டல பூஜையை ஒட்டி மார்கழியில் எங்கள் ஊர்க் குழு கிளம்பும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியாகப் பம்பை. இருமுடி கட்டுகிற அன்று அப்பா முகத்தில் இருந்த தெளிவை வருஷத்தில் வேறெந்த நாளிலும் நான் கண்டதில்லை. மலையேறி, பதினெட்டாம் படி கடந்து, அரவணை டின்னும் அப்பமும் திருநீறுமாகத் திரும்பி வருவார். வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே வந்ததும் ஆச்சி கையால் மாலையைக் கழற்றி அய்யப்பன் படத்தில் மாட்டுவாள்.

எனக்கு வயிற்றைக் கலக்குகிற நிமிஷம் அதுதான். ஒரு வருஷம் அழுதுகொண்டே கேட்டுவிட்டேன், 'மாலையக் கழட்டாதீங்கப்பா, அப்படியே இருங்க' என்று. அப்பா என் தலையில் கை வைத்து, 'அப்பிடிச் சொல்லக் கூடாதும்மா. கழட்டணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா' என்றார்.

முறை இருந்தது உண்மைதான். போடுவதற்கு முறை, நடப்பதற்கு முறை, மலை ஏறுவதற்கு, இறங்குவதற்கு, கழற்றுவதற்குக்கூட ஒரு முறை. கழற்றிய மறுநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு என்ன செய்வது என்பதற்குத்தான் எந்த முறையும் இல்லை. பஜனை மடம் பூட்டியிருக்கும். செருப்பு காலில் ஏறியிருக்கும். 'சாமி' என்று ஒதுங்கியவர்கள் 'வாங்க அண்ணாச்சி' என்று தோளில் கை போடுவார்கள். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற அதே தெருவில் அதே கடை அதே விளக்கோடு இருக்கும். ஒரு வருஷம் பொங்கல் வரை தாங்கியது. இன்னொரு வருஷம் அரவணை டின் தீருவதற்குள் முடிந்துபோனது.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் தை மாதத்தில் ஒன்று நடந்தது. கல்யாண சீசன். முகூர்த்தப் பட்டோடு வந்த பிளவுஸ் துணியை அப்பா தப்பாக வெட்டிவிட்டார். ராத்திரி குடித்திருந்த கை. அந்தப் பட்டுக்கு மாற்றுத் துணி கிடையாது. பெண்ணின் தாயார் கடை வாசலில் நின்று ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது அப்பாவை அறுத்துவிட்டது. அன்று ராத்திரி குருசாமி வீட்டுக்குப் போய், 'அடுத்த கார்த்திகைக்கு மாலை போட்டா இனிமே கழட்டவே மாட்டேன் அண்ணாச்சி' என்று அழுதாராம்.

குருசாமி அதிகம் பேசமாட்டார். 'கார்த்திகைக்கு இன்னும் பத்து மாசம் கெடக்கு. மாலையெல்லாம் வேண்டாம். நாளைக்குக் காலையில ஆத்துக்குக் குளிக்க வாரும்' என்று மட்டும் சொன்னார்.

எத்தனை பெரிய வார்த்தை இது என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஒரு நல்ல நாள் குறித்திருப்பார்கள். நாள் குறிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த நாள் வரும்வரை பழையபடி இருந்துகொள்ளலாம். குருசாமி அந்த இடைவெளியைக் கொடுக்கவே இல்லை. மாலையில்லாமல், சரணமில்லாமல், யாரும் 'சாமி' என்று கூப்பிடாமல், தை மாதக் குளிரில் இரண்டு பேரும் ஆற்றில் முங்கி எழுந்தார்கள். அடுத்த நாளும் போனார்கள்.

காலைக் குளியல் சுலபம். சாயங்காலந்தான் சண்டை. அதற்கு வழி சொன்னது அம்மா. அதுவரை வீட்டில் உட்கார்ந்து ஹெம்மிங் பண்ணியும் கொக்கி தைத்தும் கொடுத்துக்கொண்டிருந்தவள், 'அஞ்சு மணிக்கு மேல நான் கடைக்கே வந்து தைக்கேன்' என்றாள். கல்லாச் சாவி அவள் கைக்கு வந்தது. தன் கடையில் தன் கையில் காசில்லாமல் உட்காருவது ஓர் ஆணுக்கு அந்தக் காலத் தெருவில் லேசான காரியமில்லை. அப்பா ஒத்துக்கொண்டார். ஆறரைக்குக் குருசாமி தபால் சைக்கிளை எங்கள் கடை வாசலில் நிறுத்துவார். இரண்டு பேரும் அவர் வீட்டுக் கிணற்றடியில் குளித்து, முன்னறையில் விளக்கேற்றி, நாலு பாட்டுப் பாடி, எட்டரைக்குத் திரும்புவார்கள். பிறகு அப்பாவும் அம்மாவும் கோவிலைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வீட்டுக்கு வருவார்கள். பத்து நிமிஷம் கூடுதல் நடை. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அம்மா இரவுச் சமையலை மத்தியானமே முடித்து வைத்தாள்.

அந்தத் தெருவை மாற்றியதன் அருமை எனக்குப் படிப்பில்தான் விளங்கியது. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1970-களின் தொடக்கத்தில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில், அடிமையாயிருந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேர்தான் மறுபடி அடிமையானார்கள். ஹெராயின் கிடைத்த இடத்தையும் பயத்தையும் கூட்டத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். எங்கள் வார்டு நோயாளிகளுக்கு நடப்பது நேர் எதிர். இங்கே மூன்று வாரம் தெளிவாக இருந்துவிட்டு, எந்தத் தெருவில் குடித்தார்களோ அதே தெருவுக்குப் போகிறார்கள். அப்பாவும் மலையில் திருந்திவிட்டுத் தெருவுக்குத் திரும்பியவர்தான். சபரிமலையில் குடிக்காமல் இருப்பது ஒரு சாதனையே இல்லை. தென்காசியில் ஏழு மணிக்குக் குடிக்காமல் இருக்க வேண்டும்.

41 நாள் பழகினால் எதுவும் படிந்துவிடும் என்று நம் பக்கம் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டோடு பழம் தின்பது, ஓடுவது போன்ற சின்னப் பழக்கங்கள் தானாக நடக்கிற அளவுக்குப் படிய, நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் ஏதுமில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எங்கள் வீட்டில் தவறிய அந்த ஒரு நாள் சித்திரையில் வந்தது.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு துட்டி வீடு. அப்பாவுக்கு நெருங்கிய சொந்தம். அம்மாவால் போக முடியவில்லை. காடு போய்த் திரும்பியதும் பந்தலுக்குப் பின்னால் பாட்டில் சுற்றியிருக்கிறது. ராத்திரி அப்பா வந்த நடையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. இது வரும் என்று காத்திருந்தவள்போலத்தான் இருந்தேன்.

முந்தைய வருஷங்களில் இதற்கு அடுத்த அத்தியாயம் எங்களுக்கு மனப்பாடம். 'எல்லாம் போச்சு' என்பார் அப்பா. போனதற்குப் பிறகு எதற்குக் கட்டுப்பாடு? மறுநாள் இரண்டு மடங்கு குடிப்பார். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் வழுக்கலைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். 1985-இல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அடிப்படை நூல். ஒரு தடவை தவறுவது வேறு, முழுசாகப் பழைய நிலைக்கு விழுவது வேறு என்கிறார். 'நான் அவ்வளவுதான்' என்ற குற்ற உணர்வுதான் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளுகிறது. வார்டில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சித்திரை விடியல்தான் என் கண்முன் நிற்கும்.

வழக்கமான நேரத்துக்குக் குருசாமி வாசலில் வந்து நின்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அப்பா எழுந்து போகவில்லை. 'எல்லாம் போச்சு அண்ணாச்சி, நீங்க போங்க' என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

'என்ன போச்சு? இத்தனை நாள் குளிச்சது எங்க போகும்? நேத்துக் குடிச்சது நேத்தோட. இன்னைக்குக் குளிக்கணுமா வேண்டாமா?'

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு போனார். குருசாமி வழி நெடுக ஒன்றும் கேட்கவில்லையாம்.

அம்மாவுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. குருசாமிக்கு அப்பா சிநேகிதர்தான். அடியும் வசவும் கடனும் அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் அம்மா அப்பாவோடு பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலமும் ஐந்து மணிக்குக் கடைக்குப் போனாள். மன்னிக்காமலே உதவ முடியும் என்பதை அம்மாவிடம்தான் கண்டேன். குடியை விட்டவரின் மனைவி உடனே எல்லாவற்றையும் மறந்து சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற சொந்தக்காரர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அவளுக்கும் அவளுடைய நேரம் வேண்டும்.

அந்த வருஷக் கார்த்திகையில் அப்பா மாலை போட்டபோது கை நடுங்கவில்லை. மார்கழியில் ஆச்சி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் அப்பா கடையில் இருந்தார், ஆறரைக்குச் சைக்கிள் வந்தது. அந்த ராத்திரி சாப்பிடும்போது அப்பா தன் தொழில் பாஷையில் ஒன்று சொன்னார்: 'மாலைங்கிறது ஓட்டுத் தையல் மாதிரி. துணியப் பிடிச்சு நிறுத்தும். அதுக்கு மேல மிஷின் ஓட்டாம நூல உருவிட்டா பிரிஞ்சுதான் போகும்.'

செவிலியர் விடுதியில் 'சத்திய சோதனை' படித்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1888-இல் லண்டன் கிளம்பும் முன் பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி முன்னிலையில் காந்தி தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறார்: மது, மாது, மாமிசம் தொடுவதில்லை. அந்தச் சத்தியத்தை எல்லோருக்கும் தெரியும். அதைக் காப்பாற்ற அவர் பட்ட பசி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உப்புச்சப்பில்லாத சாப்பாடு, வயிறு நிறையாத நாட்கள், மாமிசம் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தும் நண்பர். தெருத் தெருவாக அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடிக்கிறார். அங்கேயே ஹென்றி சால்ட் எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படிக்கிறார். அதற்குப் பிறகுதான் சைவம் தாயாருக்காக அல்லாமல் அவருடைய சொந்த விருப்பமாகிறது. சைவ உணவுச் சங்கத்தில் சேருகிறார், தான் குடியிருந்த பகுதியிலேயே ஒரு கழகம் தொடங்கிச் செயலாளராகிறார். சத்தியம் அவரைக் கொஞ்ச தூரம் கொண்டுவந்து விட்டது. மீதி தூரத்துக்கு ஓர் உணவகமும் சில மனிதர்களும் வேண்டியிருந்தார்கள்.

அப்பாவுக்கு அந்த மனிதர் தபால்காரர். அவர் இறந்த வருஷம் நான் பயந்துபோனேன். மதுக்கடைகள் தனியார் கையிலிருந்து 2003-இல் அரசு கைக்கு மாறி, எங்கள் தெருக் கடையும் பெயர்ப் பலகையை மாற்றியிருந்தது. தினமும் ஊருக்குப் போன் பண்ணுவேன். அப்பாவோ ஆறரைக்குத் தானாகவே குருசாமி வீட்டுக்குப் போய் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். குருசாமியின் மகன்கள் அறைச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டிருந்தார்கள்.

பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மதுக்கடைகள் மூடின, வார்டு நிரம்பியது. நடுக்கத்தோடும் வலிப்போடும் வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கால் ஓய்ந்துபோனது. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அப்பா போனில் கூப்பிட்டார். கடை மூடல், பஜனை அறை மூடல், வெளியே நடக்க முடியாது. 'ஆறரை மணி ஆனா கை சும்மா இருக்கும்மா. ஒரு மாதிரி வருது' என்றார். எத்தனையோ வருஷம் தொடாதவர். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கடையும் மூடித்தானே இருக்கிறது என்று யாரும் நினைக்கலாம். மே மாதம் கடைகள் திறந்தபோது நின்ற வரிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூடிய கதவு யாரையும் மாற்றுவதில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதில்தான் எனக்கு உயிர் வந்தது. பழைய அப்பா சொல்லியிருக்க மாட்டார்.

'முகக்கவசம் தைங்கப்பா' என்றேன். கடையில் கிடந்த காட்டன் வெட்டுத் துணிகளை அம்மா எடுத்து வரச் செய்தாள். ஆறரையிலிருந்து எட்டரை வரை அப்பா வெட்டுவார், அம்மா தைப்பாள். தெருவுக்கெல்லாம் கொடுத்தார்கள், துப்புரவுப் பணியாளர்களுக்கு மூட்டையாகக் கொடுத்தார்கள். மிஷின் சத்தத்துக்கு நடுவே தினமும் என்னோடு போனில் பேசினார்கள்.

இப்போது அப்பாவே குருசாமி. ஆயத்த ஆடைகள் வந்து தையல் வேலை குறைந்துவிட்டாலும் கடையை மூடவில்லை. கார்த்திகைக்கு மாலை கேட்டு வருகிற இளைஞர்களில் குடிக்கிறவர்கள் உண்டு. அவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்புகிறார், அது நான் போட்ட நிபந்தனை. அடுத்து அவரே ஒன்று கேட்பார்: 'மலைக்குப் போய்ட்டு வந்து மாலை கழட்டுன அன்னைக்குச் சாயங்காலம் எங்க இருப்பீரு?' பெரும்பாலோர் விழிப்பார்கள். சொல்லத் தெரியாதவர்களின் பெயரை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். 'அப்ப ஆறரைக்குக் கடைக்கு வந்துரும். காஜா எடுக்க ஆளில்ல எனக்கு.'

சிலர் வருகிறார்கள். கட்டடவேலை பார்க்கிற ஒரு பையன் போன வருஷம் மாசி வரை தவறாமல் வந்து காஜா எடுக்கவே நன்றாகப் பழகிவிட்டான். பிறகு ஒரு நாள் காணோம். குடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும், முழங்கால் வலியோடு அப்பா விடியுமுன் அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அவன் மனைவி, 'அவரு வரமாட்டாரு, எல்லாம் போச்சு தாத்தா' என்றாளாம். 'அவன் வரலைன்னா நீ அஞ்சு மணிக்குக் கடைக்கு வா தாயி, ஹெம்மிங் சொல்லித் தாரேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் வருகிறாள். அவன் வாரத்தில் நாலு நாள் வருகிறான்.